மக்கத்து வெயில்

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்த பிறகு என் மனைவி நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனாள். அதற்குக் காரணம் மக்கத்து வெயில்தான் என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான். அதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான் விஞ்ஞான வாத்தியார். கண்டிக்கு அருகே அக்குறணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரே பாடங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பித்து வருகிறேன். அவற்றில் எனக்குப் பிடித்தது அகஞ்சுரக்கும் தொகுதி. கரும்பலகையில் ஓர் ஆள் உயரத்துக்கு மனித உருவத்தை வரைவேன். மூளைக்கு அடியில் பயறளவில் கபச்சுரப்பி, தொண்டையில் தைரொயிட்டு, இரைப்பைக்குப் பின்னால் சதையி, இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் அதிரீனல் சுரப்பிகள். ‘சிறுநீரகம் தொழப் போகுது, அதுதான் தொப்பி போட்டிருக்குது’ என்று ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே பகிடியை விடுவேன். பிள்ளைகளும் சிரித்து வைப்பார்கள். இந்தச் சுரப்பிகளுக்குக் கான், அதாவது குழாய், கிடையாது, சுரப்பதை நேரே இரத்தத்தில் விடும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி எங்கேயோ இருக்கிற ஓர் உறுப்பை அதட்டி வேலை வாங்கும் என்று சொல்லும்போது என் குரல் தானாகவே உயரும். படம் வரைவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பள்ளிக்கூட விடுமுறையில்தான் உம்ராவுக்குப் போனோம். திரும்பி வந்தால் எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே, ஒரு கிழமைக்கு வீட்டுக் கதவைச் சாத்த முடியாது. சொந்தக்காரர்கள், அயல் வீட்டுக்காரர்கள், பெயர் ஞாபகமில்லாத ஆட்கள் எல்லோரும் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு எங்கள் முகங்களை உற்றுப் பார்ப்பார்கள். புனித இடத்தைக் கண்ட முகத்தில் ஏதாவது ஒளி, நாங்கள் நூர் என்போம், ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது.

அலவத்துகொடையில் இருந்து என் அக்கா வந்திருந்தார். எங்களில் அக்காவைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவோம். தாத்தா என் மனைவியின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கறுத்துத்தான் ஈக்கி புள்ள. ஆனா மொகத்துல நூரு தெரியுது.”

“மக்கத்து வெயில் தாத்தா,” என்றேன் நான், கதிரையில் சாய்ந்துகொண்டு. “ரெண்டு மாசத்துல பெய்த்திரும்.”

வந்தவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மக்கத்து வெயில். கேட்கவே நன்றாக இருந்தது. அந்த வெயிலில் நானும்தான் நின்றேன், நானும்தான் கறுத்து வந்தேன். அக்குறணை மழையில் மூன்றாவது கிழமையே என் தோல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அவளுடையது திரும்பவில்லை. இதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன், அதற்கு மேல் ஒரு அடிகூட யோசிக்கவில்லை.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. பிங்கா ஓயா ஆறு இரண்டு தடவை வீதிக்கு ஏறி வந்து கடைகளுக்குள் புகுந்து போனது. கிழமைக் கணக்கில் சூரியனைக் காணவில்லை. வெளியே மலை தெரியாத அளவுக்குப் புகார் மூடியிருக்க, வீட்டுக்குள் இருந்த என் மனைவி மட்டும் வெயிலில் நிற்பவளைப் போலக் கறுத்துக்கொண்டே போனாள். முதலில் விரல் முட்டிகள். பிறகு முழங்கை. பிறகு உள்ளங்கை ரேகைகள். மருதோண்டி போட்டுச் சரியாகக் கழுவாதது போல அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

“பெருநாளைக்கி இன்னம் எவ்வளவோ நாள் ஈக்கி. இப்பவே மருதோண்டி போட்டீங்களா?”

என் மனைவி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது. கலியாணம் முடித்த வருடம் அடைச்சட்டி சுட்டது. இத்தனை வருடமாக வெள்ளையாக, இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய தழும்பு. ஒரு நாள் அவள் சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைத்தபோது பார்க்கிறேன், அது கன்னங்கரேல் என்று இருந்தது. யாரோ பேனை எடுத்து அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை எழுதிவிட்டுப் போன மாதிரி. எனக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் காது. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, பள்ளிவாசல் பள்ளத்தில். ஒரு மாலை நேரம் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு “பாங்கு வருது” என்றாள். நான் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகுதான் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழும்பியது. பாங்கு சொல்லும் முஅத்தின் மைக்கைப் போடும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது, அவ்வளவு தூரத்தில், மழைக்கு நடுவில். அடுத்த நாளும் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும். அயல் வீட்டுக் குழாய் சொட்டுவது தூங்க விடுகிறதில்லை என்றாள். சந்திக் கடையில் கருவாட்டு மூட்டையைப் பிரித்தால் இங்கிருந்தே மணக்கிறது என்றாள். தாத்தாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கிவிட்டன.

“போய்வந்த எடத்துட பரக்கத்து தம்பி. எல்லாருக்கும் கெடைக்கிறதில்ல.”

நான் விஞ்ஞானம் படித்தவன், பரக்கத்து, இறையருள் என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, வேறு விளக்கமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் இருக்கும்போது, அவள் எப்போது தலையை நிமிர்த்தி “பாங்கு வருது” என்று சொல்வாளோ என்று காத்திருப்பேன். அவள் சொல்வாள். அதற்குப் பிறகு வருகிற அந்த இடைவெளியில் வீட்டில் ஒரு சத்தமும் இராது. அவள் முகத்தைப் பார்ப்பதையே அந்த நேரங்களில் நான் தவிர்த்தேன்.

உப்புக் கதை இதற்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. தெரிந்த கடைக்காரர்களிடம் சொல்லி வைத்து, வெட்கத்தை விட்டு இரண்டு பைக்கற் வாங்கி வருவேன். பத்து நாளில் போத்தல் காலியாக இருக்கும். கறி உப்புக் கரிக்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமை முற்பகல், தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது உள்ளங்கையில் உப்பைக் குவித்து, தலையைக் குனிந்து நாக்கால் நக்கிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. நான் நிற்பது, அடுத்த வீட்டுத் தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும் அந்தக் காதுகளுக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அது என் குணம்.

“ஊருலயே உப்பு இல்ல. நான் கடை கடையா அலையிறன். நீ இஞ்ச ஆடு மாதிரி நக்கிக்கொண்டு நிக்கிற.”

திரும்பினாள். உதட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. “வாய் கேக்குது,” என்றாள். “என்னத்துக்கு எண்டு தெரியல்ல.”

எழும்பினால் தலை சுற்றுகிறது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். பாமசியில் விற்றமின் வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த அளவில் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

நோன்புக்குக் கொஞ்ச நாள் முந்தி, அதே பாடத்துக்குப் புதிதாக ஒரு பெரிய படம் வரைய உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துப் பழைய படம் வெள்ளத்தில் நனைந்து போயிருந்தது. மேசை நிறையக் கடதாசியை விரித்து, பென்சில், வர்ணம் எல்லாம் பரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்துக்குத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள், நானும் ஏதோ சொன்னேன். பிறகு போய்விட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனதும், அதிரீனலுக்குப் பூசிய மஞ்சள் நன்றாக எடுபட்டதும்தான் எனக்கு நினைவிருந்தன.

நோன்பு வந்தது. அவள் ஒன்றையும் விடவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மெலிந்துகொண்டே போனாள், வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. அதற்கும் எங்களிடம் காரணம் இருந்தது, நோன்பு. நோன்பு திறக்கும்போது கஞ்சியில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்குவாள். நான் முகத்தைச் சுளித்தேன், ஆனால் நோன்பாளியோடு சண்டை போட மனம் வரவில்லை.

அந்த நாள் நோன்பின் இரண்டாம் பத்து நாளில் வந்தது. நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேசையில் பேரீச்சம்பழம், கஞ்சிக் கோப்பை, ரோல்ஸ் எல்லாம் வைத்தாகிவிட்டது. நான் உட்கார்ந்து காத்திருந்தேன். பாங்குக்காக அல்ல. அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன், பழகிவிட்டது. அவள் சொல்லவில்லை. பாங்கு தானாக எழும்பியது.

பேரீச்சம்பழம் கையில் இருக்க, நான் எழும்பிக் குசினிக்கு ஓடினேன். அவள் நிலத்தில் கிடந்தாள், உப்புப் போத்தல் பக்கத்தில் உருண்டிருந்தது. வாந்தி எடுத்திருந்தாள். கையைத் தொட்டேன், ஐஸ். கூப்பிட்டேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் யாரையோ பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு என்னிடம் “நீங்க யாரப் பாக்க வந்தீங்க?” என்று மிக மரியாதையாகக் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வாயில் கஞ்சியோடு வேனை எடுத்தார். அக்குறணை வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பகலில் அரை மைல் போக அரை மணித்தியாலம் எடுக்கும். நோன்பு திறக்கிற அந்த நேரத்தில் மட்டும் அதில் ஒரு ஆள் இராது. கடைகள் திறந்தபடி, வெளிச்சங்கள் எரிந்தபடி, வாசலில் கதிரைகள் வெறுமையாக. துணிக்கடைப் பொம்மைகள் மட்டும் நின்று எங்களைப் பார்த்தன. அந்த வீதியில் அவ்வளவு வேகமாக நான் போனதே இல்லை. அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்கு அடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில்தான் மறுபடி மனிதர்களைக் கண்டேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு சின்ன வயது லேடி டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பிரஷர் பார்த்தார், முகம் மாறியது. மறுபடி பார்த்தார். நேர்ஸிடம் சிங்களத்தில் விறுவிறு என்று ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவ எப்ப தொடக்கம் இப்பிடிக் கறுத்தவா?”

“உம்ராவுக்குப் போய்வந்த பொறகு டொக்டர். மக்கத்து வெயில்.” எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை அந்த நேரத்திலும் தானாக வந்தது.

டொக்டர் டோர்ச்சை எடுத்து அவளுடைய கீழ் உதட்டை மெதுவாக விலக்கினார். “இஞ்ச வந்து பாருங்கோ.”

பார்த்தேன். பல் முரசில், கன்னத்தின் உள்பக்கத்தில், திட்டுத் திட்டாக மை தெறித்தது போல இருந்தது.

“வாய்க்குள்ளையும் வெயில் அடிச்சதோ?” என்று கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அது என்னை அப்படித் தாக்கியது. “உப்பு நிறையச் சாப்பிடுறவாவோ?”

“ஓ.”

“எழும்பேக்க தலை சுத்துதோ?”

“ஓ.”

“ரெண்டு அதிரீனலும் வேலை செய்யேல்லை எண்டு நினைக்கிறன். ரத்தம் எடுத்திட்டம். ஆனா ரிப்போர்ட் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது, இப்பவே ஊசி போடுறம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா…” படிவத்தை எடுத்தார். “நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“டீச்சர்.”

“என்ன பாடம்?”

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

சேலைனும் ஊசியும் ஏறிக்கொண்டிருக்க, நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இருபது வருடமாகச் சொல்லிவந்த பாடத்தை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதிரீனலின் ஒரு சுரப்பு உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும். அது வற்றினால் உப்பு சிறுநீரோடு போய்விடும், நாக்கு உப்பைத் தேடி அலையும். இன்னொரு சுரப்பு காலையில் ஆளை எழுப்பி நிறுத்துவது, பட்டினியையும் காய்ச்சலையும் தாங்க வைப்பது. அது இல்லாதவளைத்தான் நான் முப்பது நாள் நோன்புக்கு விட்டிருந்தேன். அவற்றுக்கெல்லாம் மேலே, மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பி, அதிரீனலை வேலை செய்யச் சொல்லி இரத்தத்தில் ஓர் ஓமோனை அனுப்பும். பதில் வராவிட்டால் இன்னும் அனுப்பும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இன்னும் இன்னும். தோலைக் கறுக்க வைக்கிற சுரப்பும் அந்த ஓமோனும் ஒரே துண்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை, அதனால் ஒன்று பெருகினால் தோலும் கறுக்கும். மாதக்கணக்காக அவளுக்குள் ஏதோ ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை. அந்தக் கூப்பாடுதான் முட்டியிலும் ரேகையிலும் தழும்பிலும் வந்து நின்றது. ஊரே கூடி அதைப் பார்த்து நூர் என்றது. நான் வெயில் என்றேன்.

இரவு இஷா தொழுகைக்குக் கொஞ்சம் பிந்தி அவள் கண்ணைத் திறந்தாள். இந்த முறை என்னைத்தான் பார்த்தாள்.

“பாங்கு செல்லிட்டாங்களா?”

“எப்பவோ செல்லிட்டாங்க.”

“எனக்குக் கேக்கல்ல,” என்றாள். நோன்பு முறிந்துவிட்டதே என்று அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். எனக்கு நோன்பெல்லாம் நினைவில்லை, அவளுக்காகத்தான் அழுதேன்.

அவளுடைய உடம்பே அந்த இரண்டு சுரப்பிகளையும் எதிரி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். ஏன் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. உப்பையும் மணத்தையும் சத்தத்தையும் அளவுக்கு மீறி உணர்வதும் சிலருக்கு இதில் வருமாம். இப்போது காலையில் எழும்பியதும் ஒன்று, பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று குளிசை. சாகும்வரை ஒரு நாளும் தவறக்கூடாது, டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கவும் கூடாது. மாதங்கள் போகப் போகக் கறுப்பு வடிந்தது. தழும்பு மறுபடி வெளிறியது. தாத்தா வந்து பார்த்துவிட்டு, மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர், “நூரு கொறஞ்சி பெய்த்து போல” என்றார். என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாங்கு இப்போது அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் கேட்கிறது. இருந்தாலும் மாலையில் அவள் சும்மா தலையை நிமிர்த்தினாலே நான் கையிலிருப்பதை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். வெளியே போக முன் அவளுடைய உதட்டை விலக்கி முரசைப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. “மாடு வாங்கப் போறீங்களா?” என்று கேட்பாள். ஆனாலும் வாயைத் திறந்து காட்டுவாள்.

போன தவணை அந்தப் பாடம் மறுபடி வந்தது. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன், ஒரு மூலை கிழிந்திருந்தது, ஒட்ட வேண்டும். அவள் தேத்தண்ணியோடு வந்து நின்றாள். எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது.

“இவ்வளவு காலம் படிப்பிச்சும் எனக்குத் தெரியாமப் பெய்த்து. நான் ஒரு மடையன். நீயாவது வாயத் தொறந்து ஒண்டு கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே,” என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

“நோன்புக்கு முந்தி, இதே மேசையில. இந்த மஞ்சள் ரெண்டும் வேல செய்யாட்டி என்ன நடக்கும் எண்டு கேட்டேன். உப்புத் தங்காது, ஆள் கறுத்துப் போகும், பாக்காம உட்டா உசிர் பெய்த்து மவுத்தாகும் எண்டீங்க. பாடம் செல்லுற மாதிரி செல்லிக்கொண்டே போனீங்க.” தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அந்த நேரம் நான் என்ட கைய இந்தப் படத்துக்கு மேல விரிச்சு வெச்சுக்கொண்டு நிண்டேன். நீங்க பாக்கணும் எண்டுதான் வெச்சேன்.”

அவள் இப்போதும் கையை விரித்து அதே இடத்தில் வைத்தாள். வெளிறிய, சாதாரணமான கை.

“நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டேன்.

“கைய எடு, வெளிச்சம் மறைக்குது எண்டீங்க,” என்றாள். “படிச்ச மனுஷன், கண்டுட்டுத்தானே ஒண்டும் செல்லாம இருக்கிறார், அப்ப எனக்கு ஒண்டும் இல்ல எண்டு நெனச்சி, எடுத்துக்கொண்டு பெய்த்திட்டேன்.”